அப்பாவோட பழைய ஜேசிபிக்குப் பதிலா புதுசு வாங்க, நீங்க லோன்ல கையெழுத்து போடலாமா?



சேனல்ல பைக் லோன், ஹோம் லோன், கிரெடிட் கார்டு எல்லாம் நிறைய பேசியாச்சு. இந்த வாரம் கொஞ்சம் மண்ணு ஒட்டின விஷயம். நீங்க சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ வேலை பாக்குறீங்க. மாசச் சம்பளம் 45,000 ரூபா. ஊர்ல அப்பா பத்துப் பன்னிரண்டு வருஷமா ஒரு ஜேசிபி வச்சு ஓட்டுறார். ஒரு நாள் போன் வருது: "தம்பி, வண்டி அடிக்கடி நின்னுடுது. புதுசு எடுத்துடலாம்னு பாக்குறேன். ஃபைனான்ஸ்காரன் சம்பளக்காரப் பையன் கையெழுத்து இருந்தா உடனே குடுக்குறேங்குறான்."

இது ஒரே ஒருத்தரோட கதை இல்ல. கம்மாபுரம், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு பக்கத்துல இருந்து என்கிட்ட கணக்குக்கு வர்ற குடும்பங்கள்ல இதே பேச்சு வேற வேற வடிவத்துல வந்துட்டே இருக்கு. ஒரு பக்கம் என்எல்சி சுரங்கம், இன்னொரு பக்கம் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நாலுவழிச் சாலை, நடுவுல நெல் வயலும் கரும்பும். மண் வெட்டுற மெஷினுக்கு எங்க பக்கம் எப்பவும் ஏதாவது ஒரு வேலை இருக்கும்ங்கிற நம்பிக்கையிலதான் பல பேர் இதுல இறங்கினாங்க.

சின்ன விஷயம் ஒண்ணு: ஜேசிபிங்கிறது ஒரு கம்பெனி பேர். நாம கேட்டர்பில்லர் வண்டியையும் ஜேசிபின்னுதான் சொல்றோம். செய்தித்தாள்ல வர்ற "பொக்லைன்" ஒரு பிரெஞ்சு கம்பெனி பேரு. செயின் வண்டின்னா ஊர்ல எல்லாமே ஹிட்டாச்சி! இந்தக் கட்டுரை முழுக்க நானும் அப்படியே ஜேசிபின்னே எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மெஷினை மாத்துற முடிவை மெஷினோட வயசை வச்சோ, இதுவரைக்கும் செஞ்ச ரிப்பேர் செலவை வச்சோ, வரிச் சலுகையை வச்சோ எடுக்கக் கூடாது. வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுதுங்கிறதை வச்சு எடுக்கணும். அந்த எண் தெரியாம நீங்க கையெழுத்து போட்டா, தவணையில ஒரு பங்கு உங்க சம்பளத்துல இருந்துதான் போகும்.

நெய்வேலி சொல்ற கணக்கு

பழைய இயந்திரத்தை எவ்வளவு காலம் ஓட்டலாம்னு கேட்டா, எங்க ஊர்க்காரங்களுக்கு உதாரணம் தேடி வெளிய போக வேண்டாம். நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்போட கட்டினது. முதல் யூனிட் 1962-ல ஓட ஆரம்பிச்சது. மொத்தம் 600 மெகாவாட். கடைசியா நின்னது 2020 செப்டம்பர் 30. அதாவது 58 வருஷம். அனல் மின் நிலையத்துக்கு ஒழுங்குமுறைக் கணக்குல வைக்கிற ஆயுள் 25 வருஷம்தான்.

"பாத்தீங்களா, நல்லாப் பாத்துக்கிட்டா 58 வருஷம் ஓடுது"ன்னு அப்பா சொல்லலாம். ஓடுச்சுங்கிறது உண்மை. ஆனா எவ்வளவு தின்னுச்சுன்னும் பாக்கணும். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2009-14 காலத்துக்கு வச்ச வரையறையில, இந்தப் பழைய நிலையம் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க 4,000 கிலோகலோரி வெப்பம் எரிக்கலாம்னு அனுமதி. பக்கத்துலயே 2002-03 வாக்குல வந்த விரிவாக்க நிலையத்துக்கு 2,750தான். ஒரே ஊரு, ஒரே நிலக்கரி, ஒரே யூனிட் மின்சாரம். பழசுக்கு 45% அதிக எரிபொருள்.

அப்புறம் ஏன் அவ்வளவு நாள் ஓட்டினாங்க? அதுக்குப் பதிலா வர வேண்டிய புதிய நிலையத்துக்கு 2011-லயே அரசு ஒப்புதல் கொடுத்துடுச்சு. ஆனா அதோட முதல் 500 மெகாவாட் யூனிட் வந்தது 2019 டிசம்பர்ல, ரெண்டாவது 2021 பிப்ரவரியில. புதுசு வராம பழசை நிறுத்த முடியாது. இன்னொரு காரணம் உங்க அப்பாவுக்குப் பொருந்தவே பொருந்தாதது. மின்சார விலையை ஆணையம் செலவை வச்சு நிர்ணயிக்குது. அனுமதிச்ச அளவுக்குள்ள எரிஞ்ச எரிபொருளுக்கு மின்சாரம் வாங்குறவங்க காசு குடுத்துடுவாங்க.

உங்க அப்பா கூடுதலா எரிக்கிற டீசலுக்கு யார் குடுப்பாங்க? பக்கத்துத் தெருவுல புது வண்டி வச்சிருக்கவரும் அதே மணி வாடகைதான் வாங்குறார். "என் வண்டி பழசு, ஒரு லிட்டர் கூடக் குடிக்கும், நூறு ரூபா சேத்துக் குடுங்க"ன்னு எந்த விவசாயிகிட்டயும் கேக்க முடியாது. பழைய மெஷினோட கூடுதல் செலவு மொத்தமும் ஓனர் தலையிலதான்.

சுரங்கத்துல நிக்கிற பக்கெட் வீல் மெஷின்கள்ல இருந்தும் ஒரு பாடம் இருக்கு. 700 லிட்டர், 1,400 லிட்டர் வாளி வச்ச ராட்சசங்க அதெல்லாம். வெட்டுற மண்ணு நேரா கன்வேயர் பெல்ட்டுக்குப் போகும், அங்கிருந்து மண்ணைக் கொட்டுற இன்னொரு மெஷினுக்கு. ஒண்ணு நின்னா அந்த வரிசையே நிக்கும். அதனால அங்க ரிப்பேர் பில்லை விட நின்ன நேரம்தான் பெரிய செலவு. உங்க அப்பா வண்டி நின்னா நாலு டிப்பர் சும்மா நிக்கும். அந்த டிப்பர்காரர் அடுத்த தடவை வேற நம்பருக்குத்தான் போன் பண்ணுவார். இந்தச் செலவு எந்த பில்லுலயும் வராது.

இப்ப நம்ம கணக்கு

1949-ல ஜார்ஜ் டெர்போர்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர் இயந்திரங்களை எப்ப மாத்தணும்னு ஒரு புத்தகமே எழுதினார். கையில இருக்கிற பழசைத் தற்காத்து நிக்கிறவன்னும், கடையில இருக்கிற புதுசைச் சவால் விடுறவன்னும் அவர் வச்சுக்கிட்டார். இன்னைக்கும் எங்க படிப்புல வர்ற முறைக்கு அடிப்படை அதுதான். பழசோட *அடுத்த ஒரு வருஷச்* செலவையும், புதுசோட *சராசரி ஒரு வருஷச்* செலவையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. எது குறைவோ அது. பழசுக்கு இதுவரைக்கும் ஆன செலவுக்கு இந்தத் தராசுல இடமே இல்ல.

கீழ இருக்கிற எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வச்சுக்கிட்டது. உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாத்துக்கோங்க.

மணி வாடகை 1,200 ரூபா, டீசல் லிட்டர் 92 ரூபா, வேலை வருஷத்துக்கு 1,200 மணி நேரம் கிடைக்குதுன்னு வைங்க. பழைய வண்டி மணிக்கு 6 லிட்டர் குடிக்குது, புதுசு 5. பழசு ரிப்பேர்ல 150 மணி வேலையை விட்டுடுது.

பழைய வண்டியை இன்னும் ஒரு வருஷம் வச்சிருந்தா என்ன ஆகும்? இன்னைக்கு வித்தா 11 லட்சம் கிடைக்கும், அடுத்த வருஷம் 9.5 லட்சம்தான். அங்க 1.5 லட்சம் போச்சு. 11 லட்சம் அதுல முடங்கிக் கிடக்குறதுக்கு 10% வட்டின்னா 1.1 லட்சம். பின், புஷ், ஹோஸ், பக்கெட் பல்லு, டயர், ஹைட்ராலிக் வேலைன்னு 3.2 லட்சம். 1,050 மணிக்குக் கூடுதலா எரியுற டீசல் 97,000. விட்டுப்போன 150 மணிக்கு, புது வண்டியா இருந்தா டீசல் போக மணிக்கு 740 ரூபா கிடைச்சிருக்கும், அது 1,11,000. மொத்தம் சுமார் 7.9 லட்சம்.

புது வண்டி ஜிஎஸ்டி சேத்து 38 லட்சம், ஆறு வருஷம் கழிச்சு 16 லட்சத்துக்கு விக்கும்னு வைங்க. 10% வட்டியோட ஆறு வருஷத்துக்கும் சமமாப் பிரிச்சா, எக்செல்ல பிஎம்டி ஃபார்முலா போட்டா, வருஷத்துக்கு 6.65 லட்சம். ரிப்பேர், சர்வீஸ் சராசரி 1.3 லட்சம். பழசை விடக் கூடுதலா கட்டுற இன்ஷூரன்ஸ் 30,000. மொத்தம் 8.25 லட்சம்.

1,200 மணியில பழசு ஜெயிக்குது. கொஞ்ச வித்தியாசம்தான், ஆனா ஜெயிக்குது.

அதே வண்டிக்கு 2,000 மணி வேலை இருந்தா? பழசுக்கு ரிப்பேர் 5 லட்சம், விலை சரிவு 2 லட்சம், விட்டுப்போற நேரம் 250 மணி, கூடுதல் டீசல் 1.6 லட்சம்னு எல்லாம் ஏறி, முடங்கின பணத்தோட வட்டியும் சேத்து மொத்தம் 11.5 லட்சத்தைத் தாண்டும். புதுசு அதிகமா ஓடினதால மறுவிலை 13 லட்சம்தான்னு குறைச்சாலும், ரிப்பேரை 2.2 லட்சமாக்கினாலும் 9.5 லட்சம். இப்ப புதுசு ரெண்டு லட்சம் வித்தியாசத்துல ஜெயிக்குது. ரெண்டுலயும் வண்டிக்கு அதே வயசுதான், மாறினது மணி மட்டும். இந்த எண்களுக்கு 1,300 மணிக்குக் கொஞ்சம் மேல முடிவு திரும்புது.

அதனால அப்பாகிட்ட முதல்ல கேக்க வேண்டியது "வண்டி எந்த வருஷ மாடல்"னு இல்ல. "அவர் மீட்டர்ல போன வருஷம் எவ்வளவு, இப்ப எவ்வளவு?" மீட்டர் ஓடலைன்னா டீசல் பில்லை எடுங்க. மொத்த லிட்டரை மணிக்கு ஆகுற லிட்டரால வகுத்தா தோராயமா மணி வந்துடும்.

அடுத்தது, வண்டி சும்மா நின்ன நாளை ரெண்டாப் பிரிங்க. ரிப்பேரால நின்னது வேற, வேலை இல்லாம நின்னது வேற. ஐப்பசி, கார்த்திகை மழையில வயல்ல வண்டி இறங்காம நின்னா அது வண்டியோட குத்தம் இல்ல. புது வண்டி வந்தாலும் அதே மழையில அதே இடத்துலதான் நிக்கும், கூடவே தவணையும் ஓடும். அனுபவத்துல பாத்தது, பெரும்பாலான ஓனர்கள் இந்த ரெண்டையும் ஒண்ணாவே பேசுவாங்க. "போன வருஷம் பாதி நாள் நின்னுச்சு"ன்னு சொல்வாங்க. நோட்டைப் பிரிச்சுப் பாத்தா ரிப்பேருக்கு நின்னது இருபது நாள் இருக்கும். ஆனா வண்டி நம்பிக்கையில்லாததால கூப்பிடுறதையே நிறுத்தினவங்களும் அந்த "வேலை இல்லாத" நாளுக்குள்ள ஒளிஞ்சிருக்கலாம். அதை அப்பாதான் மனசாட்சியோட சொல்லணும்.

"இப்பதான் ரெண்டு லட்சம் போட்டேன்"

இந்த வாக்கியம் ரெண்டு பக்கமும் வெட்டும். சிலர் "இவ்வளவு செலவு பண்ணிட்டு எப்படி விக்கிறது"ன்னு வச்சுக்குவாங்க. சிலர் "இது செலவு வச்சுக்கிட்டே இருக்கு"ன்னு கோவத்துல வித்துடுவாங்க. ரெண்டுமே போன பணத்தைப் பாத்து எடுக்கிற முடிவு. ஹைட்ராலிக் பம்ப் புதுசா மாத்தியிருந்தா, அதுக்குக் குடுத்த பணத்தைப் பாக்காதீங்க. அடுத்த வருஷம் பம்ப் செலவு வராதுங்கிறதைப் பாருங்க. அடுத்த வருஷ ரிப்பேரை 3.2 லட்சத்துல இருந்து 2 லட்சமாக் குறைச்சுப் போடலாம். பெரிய ஓவர்ஹால் முடிச்ச கையோட நல்ல வண்டியை வித்துட்டு வர்றவங்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே வயிறு எரியும். செலவு பண்ணது இவர், பலனை அனுபவிக்கிறது வாங்கினவர்.

இன்னொரு பக்கம், புது வண்டின்னா செலவே இல்லைன்னு நினைக்க வேண்டாம். 2025 ஜனவரி 1-ல இருந்து கட்டுமான வாகனங்களுக்கு ஐந்தாம் கட்ட மாசு விதி வந்துடுச்சு. புது எஞ்சின்ல சென்சாரும் எலெக்ட்ரானிக் கண்ட்ரோலும் அதிகம். ஸ்பேனர் மட்டும் வச்சு மரத்தடியில பிரிச்சு மாட்டுற நம்ம ஊர் மெக்கானிக்கால முடியாது, கம்பெனி ஆள் லேப்டாப்போட வரணும். வாரண்டி முடிஞ்ச பிறகு அந்த பில் எப்படி இருக்கும்னு ஷோரூம்ல முன்கூட்டியே கேளுங்க.

வரிக்காக வாங்காதீங்க. ஒரு ஆடிட்டரே சொல்றேன்

மார்ச் மாசம் வந்தா "டிப்ரீசியேஷன் கிடைக்கும் சார், வண்டி எடுத்துடலாமா"ன்னு கேள்வி வரும். இதுல மூணு விஷயம் தெரியணும்.

பொதுவா இயந்திரத்துக்கு வருஷத்துக்கு 15%. அந்த வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதுல பாதி. மார்ச் 30-ல எடுத்தா 7.5%தான். ரெண்டாவது, சின்ன ஓனர்கள் பல பேர் மொத்த வரவுல 6% அல்லது 8% லாபம்னு அனுமானக் கணக்குல ரிட்டர்ன் போடுறாங்க; நம்ம ஆளுங்க 44ஏடின்னு சொல்ற முறை. அதுல டிப்ரீசியேஷன் ஏற்கெனவே கழிச்சாச்சுன்னுதான் அர்த்தம். தனியா ஒரு ரூபா கிடையாது. அவங்களுக்குப் புது வண்டியால வர்ற டிப்ரீசியேஷன் லாபம் பூஜ்யம். மூணாவது, "புத்தகத்துல மதிப்பே இல்ல, இனி வச்சிருந்து என்ன பிரயோஜனம்"ங்கிற பேச்சு. 15% கழிச்சுக்கிட்டே போனா பத்து வருஷத்துல புத்தக மதிப்பு அஞ்சுல ஒரு பங்கா ஆயிடும். சந்தை விலை அதை விட எவ்வளவோ மேல இருக்கலாம். முடிவுக்குச் சந்தை விலையைத்தான் எடுக்கணும்.

ஜிஎஸ்டி மட்டும் உண்மையிலேயே முடிவை மாத்தும். 38 லட்சத்துல சுமார் 5.8 லட்சம் ஜிஎஸ்டி, 18% கணக்குல. அப்பா பதிவு பண்ணாதவர்னா அது முழுக்கச் செலவு. பதிவு பண்ணி, பதிவு உள்ள கான்ட்ராக்டர்களுக்கே பெரும்பாலும் ஓட்டுறார்னா அதை உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம். அப்ப புது வண்டியோட வருஷச் செலவு சுமார் 1.3 லட்சம் குறையும். 1,200 மணியிலயே புதுசு ஜெயிச்சுடும்! ஆனா வாடிக்கையாளர் முக்கால்வாசி விவசாயிகள், வீடு கட்டுறவங்கன்னா, அவங்ககிட்ட 1,200 ரூபாய்க்கு மேல 18% வாங்க முடியுமான்னு பாருங்க. முடியாதுன்னா அந்த வரி அப்பா கையில இருந்துதான் போகும். சேவைக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா பதிவு கட்டாயம். 2,000 மணி ஓட்டுறவர் அந்தக் கோட்டை ஏற்கெனவே தாண்டியிருப்பார்.

இனி உங்க சம்பளம்

இதுவரைக்கும் பாத்தது எது மலிவுங்கிற கேள்வி. கையில பணம் வருமாங்கிறது வேற கேள்வி. ரெண்டையும் குழப்பினாத்தான் குடும்பம் மாட்டும்.

பழசை வித்த 11 லட்சத்தை அப்படியே முன்பணமாக் கட்டுறீங்க. 27 லட்சம் கடன், நாலு வருஷம், 10.5% வட்டி. தவணை மாசம் 69,000 ரூபா சொச்சம். வருஷத்துக்கு 8.3 லட்சம்.

1,200 மணி ஓடினா, டீசல் போக 8.88 லட்சம். ஆப்பரேட்டர் சம்பளம், பேட்டா 2.6 லட்சம், ரிப்பேர் 1.3, கூடுதல் இன்ஷூரன்ஸ் 0.3 போக மிச்சம் 4.68 லட்சம். தவணைக்குக் குறையுறது வருஷத்துக்கு 3.6 லட்சம், மாசம் 30,000. உங்க 45,000-ல 30,000. நாலு வருஷம். இதுல அப்பா, அம்மா வீட்டுச் செலவுக்குன்னு இன்னும் ஒரு பைசா எடுக்கலை.

2,000 மணின்னா? ஆப்பரேட்டருக்கு 3.2 லட்சம் குடுத்தாலும் 9.1 லட்சம் நிக்கும். தவணை கட்டி வருஷத்துக்கு 80,000 மிச்சம். இழுத்துப் பிடிச்சு ஓட்டலாம். நாலாவது வருஷம் முடிஞ்சா வண்டி சொந்தம், அதுக்கப்புறம்தான் உண்மையான வருமானம். ஆக, கணக்குப்படி "மாத்தலாம்"னு வர்ற இடத்துலயும் முதல் நாலு வருஷம் வீட்டுக்குப் பெருசா ஒண்ணும் வராது. இதை ஷோரூம்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

"நான் ஜாமீன்தானே, கடன் அப்பா பேர்லதானே"ன்னு நினைக்காதீங்க. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, ஜாமீன் போட்டவரோட பொறுப்பும் கடன் வாங்கினவரோட பொறுப்பும் சமம். இணை விண்ணப்பதாரர்னா கேக்கவே வேண்டாம். அப்பா ஒரு தவணை தவறினா உங்க சிபில்லயும் அது தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சு நீங்க வீட்டுக் கடன் கேக்கும்போது, இந்த 69,000-த்தையும் உங்க தலையில வச்சுத்தான் தகுதி பாப்பாங்க.

இதை விட மோசமானது, உங்க பேர்ல பர்சனல் லோன் எடுத்து அப்பாகிட்ட குடுக்குறது. வட்டி அதிகம். கடன் உங்களோடது, தொழில் அவரோடது. அந்த வட்டியை அவர் நேரடியா தொழில் செலவுல காட்ட முடியாது. நீங்க அவருக்கு வட்டிக்குக் கடன் குடுத்ததா எழுத்துல வச்சு, அவர் வட்டி கட்டி, அது உங்க வருமானமா வரணும். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவுல யாரு அப்படிப் பத்திரம் எழுதறாங்க?

அப்ப என்ன பண்ணலாம்? நாலு வருஷம் ஓடின, சர்வீஸ் ரெக்கார்டு உள்ள வண்டி ஒண்ணு 22 லட்சத்துக்குக் கிடைச்சா, பழசை வித்த பணம் போக 11 லட்சம்தான் கடன். பழைய வண்டிக்கு வட்டி அதிகம், 14%னே வைங்க, தவணை 30,000. வருஷத்துக்கு 50 மணி நின்னு, ரிப்பேருக்கு 2 லட்சம் ஆனாலும், 1,200 மணி வேலையில மாசம் 3,000 ரூபா அளவுக்குத்தான் இடிக்கும். முதல் நாலு வருஷ விலை சரிவை வேற ஒருத்தர் தாங்கியிருப்பார். வாங்குறதுக்கு முன்னாடி ஹைட்ராலிக் பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க; புது பெயிண்ட் அடிச்ச வண்டின்னா ரெண்டு தடவை பண்ணுங்க. கடன் குடுக்குறவங்ககிட்ட, மழை மாசத்துல தவணை குறைவா வர்ற மாதிரி அமைக்க முடியுமான்னும் கேளுங்க. எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க, கேக்குறதுக்குக் காசு இல்ல.

சொல்லக் கஷ்டமான ஒண்ணு மிச்சம் இருக்கு. 1,200 மணியில பழசும் சோறு போடலை. பழைய வண்டியோட 1,050 மணியில டீசல் போக 6.8 லட்சம். ஆப்பரேட்டர் கூலி, ரிப்பேர் கழிச்சா நிக்கிறது வெறும் ஒரு லட்சம். அதே நேரத்துல வண்டி விலை 1.5 லட்சம் இறங்குது. 11 லட்சத்தை 7% வட்டிக்கு வங்கியில போட்டா 77,000 வந்துடும், முதலும் அப்படியே இருக்கும். அப்பாவே ஓட்டுறதால அந்த 2.6 லட்சம் கூலி வீட்டுக்கு வருது, அதை லாபம்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். இன்னொருத்தர் வண்டியை ஓட்டினாலும் அந்தக் கூலி வரும். அதனால மாத்தலாமா, வச்சுக்கலாமாங்கிற கேள்வியோட வித்துடலாமாங்கிறதையும் சேத்துத்தான் பாக்கணும்.

சொந்த வண்டிங்கிறது எங்க ஊர்ல வெறும் தொழில் இல்லைன்னு எனக்குத் தெரியும். சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பங்கள் இருக்கு. 2023 ஜூலையில வளையமாதேவியில பரவனாறு கால்வாய்க்காக விளைஞ்ச நெல்லுக்குள்ள மெஷின் இறங்கினதை நாடே பாத்துச்சு. நிலம் கையை விட்டுப் போன வீட்டுல, வாசல்ல நிக்கிற மஞ்சள் வண்டிதான் "நமக்கும் ஒண்ணு இருக்கு"ங்கிற தைரியம். அந்த மனுஷன்கிட்ட போய் எக்செல் ஷீட்டைக் காட்டி வித்துடுங்கன்னு போன்ல சொல்லாதீங்க. நேர்ல போங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. டீசல் பில், ஸ்பேர் கடை பில், வேலைக்குப் போன நாள் நோட்டு எல்லாத்தையும் திண்ணையில விரிச்சு, கடந்த 12 மாசத்துக்கு மணி, லிட்டர், ரிப்பேர், நின்ன நாள் நாலையும் எழுதுங்க. எழுதுறது அப்பா கையா இருக்கட்டும். மணி 1,000-க்குக் கீழன்னா புது வண்டிப் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். 1,800-க்கு மேல, அதுலயும் பாதி பதிவு உள்ள கான்ட்ராக்டர் வேலைன்னா, ஷோரூமுக்குப் போங்க, ஆனா தவணை முழுக்க வண்டி வருமானத்துல கட்ட முடியுதான்னு பாத்துட்டு. நடுவுல இருந்தா ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, ஒழுங்கா நோட்டு வச்சு, மறுபடி பாருங்க. ஷீட்டு வீடியோவுக்குக் கீழ இருக்கு, மஞ்சள் கட்டத்துல மட்டும் உங்க எண்ணைப் போடுங்க. ஜிஎஸ்டி பதிவு இருக்கா இல்லையாங்கிற கட்டத்தை மறந்துடாதீங்க, பல பேர் அதைத்தான் விட்டுடறாங்க.